கீழ வயலுக்குத் தனி முறை கிடையாது

ஐயா, போனில் உன்னிடம் ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்லி முடித்ததாக எனக்கு நினைவே இல்லை. நான் தொடங்குவேன், உனக்கு மீட்டிங் வந்துவிடும். "பெறவு பேசுதேம்மா" என்று வைத்துவிடுவாய். பிறகு பேசும்போது நான் மறந்திருப்பேன், அல்லது மறந்ததுபோல இருந்துவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணாடி போட்டும் எழுத்து இரண்டாகத் தெரிகிறது, கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்து சேர்ந்தது. அழகாகத்தான் அடித்திருக்கிறார்கள். உன் அப்பா இல்லாத இடத்தில் முன்னின்று நடத்திவைப்பவர்கள் என்று சித்தப்பா பெயரையும் சித்தி பெயரையும் போட்டிருக்கிறாய். அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. "சித்தப்பாகிட்ட பத்திரிக குடுத்தாச்சாம்மா?" என்று போன வாரம் கேட்டாய். கொடுத்துவிட்டேன். அவர் சொன்ன பதிலை உனக்குச் சொல்லத்தான் இவ்வளவும். ஆனால் பதிலை மட்டும் சொன்னால் நீ அவர்மேல் பாய்வாய். உன் அப்பாவின் முன்கோபம் அப்படியே உனக்கு வந்திருக்கிறது. ஆகவே வயல் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் நீ குதிக்கப்போகிற சங்கதியும் ஒன்று இருக்கிறது. மண்ணை மூட நீ அனுப்பிவைத்த பிளாஸ்டிக் ஷீட் சுருள்கள் தொழுவத்தில் பிரிக்காமல் கிடக்கின்றன. நம் மேல வயலில் வாழைக் கட்டையைப் பறித்தெறிந்து, சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டிக் கட்டிவிட்டு, நெல் நட்டுவிட்டேன். கத்தாதே, முழுதும் படி.

உனக்கு வரப்போகிறவளும் இதைப் படிக்கட்டும். டவுனில் வளர்ந்த பிள்ளை, வயலைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பாள். அவளுக்கும் விளங்கவேண்டும் என்று உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். கால்வாயை ஒட்டி நம் வயல், ஒரு வரப்பு தாண்டி அதற்குக் கீழே சித்தப்பாவின் வயல். கால்வாய் மடை திறப்பது நம் வயலுக்குள். தண்ணீர் நம் வயலில் நிறைந்து, வரப்பில் வெட்டிவிட்டிருக்கும் வாமடை வழியாகச் சித்தப்பா வயலுக்கு இறங்கும். அவருக்கென்று தனி மடை இல்லை, தனி வாய்க்கால் இல்லை. உன் அப்பாவும் அவரும் பாகம் பிரித்தபோது மண்ணைப் பிரித்தார்கள், பனைமரங்களைப் பிரித்தார்கள், வெண்கலப் பானையைக்கூடத் தூக்கிப் பார்த்துப் பிரித்தார்கள். தண்ணீரைப் பிரிக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணன் வயலில் நெல் நிற்கிறவரை தம்பி வயலுக்குத் தண்ணீர் வராமல் எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டார்கள். மேல வயலில் நெல் இல்லாத ஒரு காலம் வரும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் சிரித்திருப்போம்.

உன் அப்பா போனதும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடத்தான் நினைத்தேன். உன் சித்தப்பா விடவில்லை. "மதினி, மேல வயல வேத்தாளு கையில குடுத்தா நாளைக்கு நான் தண்ணிக்கு அவன் காலப் பிடிக்கணும். ரெண்டையும் நானே பாத்துக்கிடுதேன். நீங்க நெல்ல வாங்கிப் போட்டாப் போதும்" என்றார். உதவி செய்வதைக்கூடச் சண்டைக்கு வருகிறவர் மாதிரிதான் செய்வார், அவர் குணம் அப்படி. பிசானப் பருவத்து நெல்லுக்குக் கால்வாய் திறந்ததும் நம் வயலில் தண்ணீரைக் கட்டுவார். உரத்துக்குக் கொழிஞ்சித் தழையை வெட்டிப் போட்டு, இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டரை இறக்கி, மண் கூழாகும்வரை சுற்றிச் சுற்றி உழச் சொல்வார். அதைத்தான் தொழி என்கிறோம். தொழி நன்றாக விழுந்தால் அடிமண் அடைபட்டுத் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும். டிராக்டர்காரன் மூலைமுடுக்கை விட்டுவிட்டுப் போகப் பார்த்தால் சித்தப்பா வரப்பில் நின்று ஊருக்கே கேட்கிறமாதிரி கத்துவார். "ஏல, அந்த மூலைய ஒங்க அப்பன் வந்தா உழுவான்? பைய திருப்புல வண்டிய!" நம் வயலுக்குத்தான் அந்தக் கத்தல். தன் வயலில் அரைகுறையாக இருந்தாலும் விட்டுவிடுவார். மேலே தண்ணீர் நின்றால் கீழே தானாக வரும் என்பது அவர் கணக்கு. "ஒங்க வயல்ல நிக்க தண்ணிக்கு எங்கிட்ட வாடக கேட்டுராதிய மதினி" என்று கேலி வேறு. அந்த நெல்லை விற்றுத்தான் நீ என்ஜினீயரிங் படித்தாய்.

அப்புறம் நீ லீவில் வந்தாய். நெல் வேண்டாம், ஏத்தன் வாழை போடுவோம், சொட்டுநீர் போடுவோம், மண்ணை மூடி மூடாக்கு போடுவோம் என்றாய். எனக்கு முட்டி தேய்ந்துபோய் நடவு வயலில் இறங்கி ஏறுவதே பெரும்பாடாக இருந்தது, நீ சொன்னது எனக்கும் இனித்தது. அன்றைக்கு வரப்பில் நின்று, போனில் ஒரு படத்தைக் காட்டிக்கொண்டு நீ பேசியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "எம்மா, நெல்லுக்கு விடுத தண்ணியில பாதிக்கு மேல சும்மா போவுது. சொட்டுநீர்ல அவ்வளவும் மிச்சம்." சித்தப்பா அப்போது மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். "சும்மா எங்கலே போவுது? எனக்குல்லா வருது" என்றார். நீ சிரித்தாய், அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நடக்கப்போகிறது அத்தனையையும் அவர் அந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்பது அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியவில்லை. அவருக்குமே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் வாழைக் குழி வெட்ட நமக்கு ஆள் கூட்டிக்கொண்டு வந்திருப்பாரா?

உன் வேலையை நான் குறை சொல்லவில்லை. வைக்கோலையும் வாழைச் சருகையும் மண் தெரியாமல் பரப்பினாய். சித்திரை வெயிலில் அதை விலக்கிக் கையை வைத்தால் அடியில் குளுகுளுவென்று இருக்கும். கொத்துகொத்தாக மண்புழு. களை எடுக்க ஆள் தேடி நான் ஊர் ஊராகப் போனை வைத்துக்கொண்டு கெஞ்சவில்லை. கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டில் வந்து உட்கார்ந்துவிடலாம். குலையைப் பார்த்த வியாபாரி ஒருத்தர், "யாரு யோசனக்கா இது?" என்று கேட்டார். என் மகன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். நீ படித்த படிப்பு பொய்யில்லை. நம் வயலை மட்டும் பார்த்தால் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அதுதான் ஐயா எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் கால்வாய் நிறைய ஓடும்வரை ஒன்றும் தெரியவில்லை. சித்தப்பாவுக்காக வரப்போரமாக நீ விட்டிருந்த சின்ன வாய்க்காலில் தண்ணீர் போனது, அவரும் நட்டார், பயிரும் கருகருவென்று வந்தது. தை பிறந்து ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் முறை வைத்துவிட்டார்கள். முறை என்றால், இன்றைக்கு இந்த மடை, நாளைக்கு அந்த மடை என்று மாற்றி மாற்றி விடுவது. நம் முறை வந்த நாளில் மடை திறக்கவில்லை. முறை பார்க்கிற அண்ணாச்சியிடம் ஓடினேன். "வாழைக்கு வேண்டாம்னு நீங்கதான சொன்னிய? ஒங்க மொறைய அடுத்த மடைக்கு மாத்தி விட்டாச்சு" என்றார். கொழுந்தன் வயல் காய்கிறதே என்றேன். "கீழ வயலுக்குன்னு தனி மொற கெடையாதுக்கா. மேல வயலு மொறையிலதான் அது பாயுது. மேல வயல்ல நெல்லு இல்ல, மொறையும் இல்ல. இப்ப திருப்பி விட்டா அடுத்த மடைக்காரன் என் சட்டையப் பிடிப்பான்." அந்த ஆள்மேலும் தப்பில்லை. நாம் மிச்சம் பிடித்த தண்ணீர் நம்முடையது இல்லை, ஐயா. அது அவருடையது. நம் வயல் வழியாக நடந்துபோய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கெஞ்சிக் கூத்தாடி ஒருமுறை திறந்துவிடச் செய்தேன். தண்ணீர் அந்தச் சின்ன வாய்க்காலில் பாதி தூரம்கூடப் போகவில்லை. வாழைக்காக ஆழமாகக் கிளறிப் போட்ட மண், வருஷக்கணக்காகத் தொழியில் இறுகிக் கிடந்த அடித்தளம் உடைந்துபோன மண், வந்த தண்ணீரை எல்லாம் பக்கவாட்டில் குடித்துவிட்டது. சித்தப்பா வயலில் ஒரு மூலை நனைந்தது. பயிர் பால் பிடிக்கிற நேரம். அவர் வீட்டுக்கு வந்தார், உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே கேட்டார். "மதினி, இன்னும் ஒரே ஒரு தடவ மடையத் தொறக்கச் சொல்லி, தண்ணிய வாழைக்குள்ள முழுசா கட்டி விடுங்க. வயலு நெறஞ்சி வந்தாத்தான் கீழ எறங்கும். கதிரு பதராப் போவுது." உனக்குப் போன் போட்டேன். "குல தள்ளுத நேரம்மா, தண்ணி கட்டுனா வேர் அழுகி ஒரு காத்துக்கு அம்புட்டும் சாஞ்சிரும், வேண்டவே வேண்டாம்" என்றாய். நீ சொன்னதும் உண்மைதான். அவரிடம் போய் முடியாது என்று சொன்னது என் வாய். அந்த மனுஷன், டிராக்டர்காரனைத் தெருவே கேட்கத் திட்டுகிறவர், "சரி மதினி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கத்தியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

வயல் வெடித்தது. காலை உள்ளே விடலாம்போல வெடிப்பு. பாதி காய்ந்த பயிரை அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். சித்தி அறுத்த கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நம் வாழை ஓரமாகத்தான் போனாள். நான் மூடாக்கைச் சரிசெய்கிறமாதிரி குனிந்துகொண்டேன். அடுத்த வருஷம் உளுந்து விதைத்துப் பார்த்தார், மழையில் அழுகிற்று. பிறகு ஒன்றும் விதைக்கவில்லை. கோரை மண்டிக் கிடந்தது. அந்த மாட்டையும் விற்றுவிட்டு, அம்பாசமுத்திரத்தில் ஏதோ காவல் வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். காலையில் பஸ்ஸுக்கு நிற்பார். என்னைக் கண்டால், "சொகமா இருக்கியளா மதினி, தம்பி பேசுதானா?" என்று கேட்பார். பகையாளி கேட்கிற கேள்வியா அது? கல்யாணப் பேச்சு எடுத்தபோது, சொந்தம் அறுந்துவிடவில்லை, கூப்பிட்டால் வந்து மணையில் நிற்பார் என்று நான் உனக்குச் சொன்னது இதை நம்பித்தான்.

இந்தக் கோடையில் நம் கிணறும் கையை விரித்தது. உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் ஆழப்படுத்து, போர் போடு என்பாய். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்காத அடிப்பாறையை இந்த வருஷம் பார்த்தேன். மேலேயும் கீழேயும் வயலில் மாதக்கணக்காக நின்ற தண்ணீர்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஊறி அந்தக் கிணற்றை நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டையும் காயப்போட்டுவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டினால் எவ்வளவு நாள் வரும்? இரண்டாம் வாழை வெட்டி முடிந்த கையோடு நீ பிளாஸ்டிக் ஷீட்டை அனுப்பினாய், இனி ஆவிகூட வெளியே போகாது என்றாய். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உன்மேல் கொஞ்சம், என்மேல் நிறைய. நேரே டிராக்டர்காரனைக் கூப்பிட்டு நிலத்தைச் சமப்படுத்தி, கால்வாய் திறந்ததும் தண்ணீரைக் கட்டித் தொழி அடிக்கச் சொன்னேன். எனக்குத் தெரிந்த அளவுக்கு மூலைக்கு மூலை நின்று கத்தினேன். அவரைப்போல வரவில்லை, ஆனாலும் கத்தினேன். நட்டு முடித்து, வயல் நிறைந்ததும், அடைந்து கிடந்த வாமடையை நானே வெட்டிவிட்டேன்.

தண்ணீர் கீழே இறங்கியதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். ஓடிப்போய் அவரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், தண்ணீர் நிறைந்த வயலைக் காட்டவேண்டும், காட்டிய கையோடு பத்திரிகையையும் வைக்கவேண்டும் என்று என்னவெல்லாமோ நினைத்துக்கொண்டேன். பைத்தியக்காரி. சாயங்காலம் போய்ப் பார்த்தால் கீழ வயலில் ஒரு சொட்டு இல்லை. கோரைக்கு அடியில் பழைய வெடிப்புகள் அப்படியே இருந்திருக்கின்றன. போன தண்ணீர் அத்தனையும் அதற்குள் போய்விட்டது. மறுநாளும் விட்டேன், அதற்கு மறுநாளும் விட்டேன். மேலே நம் பயிர் தலையாட்டிக்கொண்டு நிற்கிறது, கீழே மண் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. அங்கே வரப்பில் உட்கார்ந்து உன் அப்பாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். செத்தவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது, வேறு யாரும் கைக்கு அகப்படவில்லை.

பிறகு தட்டில் வெற்றிலை பாக்கு, வேட்டி துண்டு, சித்திக்குச் சேலை, மேலே பத்திரிகை எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். நல்ல முறையில்தான் வரவேற்றார்கள். சித்தி காப்பி போட்டாள். நான் முதலில் வயல் பேச்சைத்தான் எடுத்தேன். "தம்பி, மேல தொழி அடிச்சி நட்டுட்டேன். வாமடையத் தொறந்துட்டேன். நீங்க வந்து உழுங்க. எப்பவும்போல தண்ணி வரும்" என்றேன். அவர் சிரித்தார். "பாத்தேன் மதினி, பஸ்ஸுல போவும்போது பாத்தேன். வெடிச்ச வயல்ல எவ்வளவு விட்டாலும் நிக்காது. ரெண்டு மூணு போகம் தொழி விழுந்தாத்தான் மண்ணு அடையும். அதுவரைக்கும் போட எங்கையில தெம்பும் இல்ல, ஆசையும் இல்ல. நீங்க வாமடைய அடச்சிருங்க, ஒங்க பயிராவது நிக்கட்டும்." சொல்லும்போது கோபம் துளி இல்லை. தண்ணீரைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனவளுக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே முடியவில்லை.

தட்டை நீட்டினேன். எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார். பத்திரிகையைப் பிரித்து, எழுத்துக்கூட்டித் தன் பெயரைப் படித்தார். கண் கலங்கிற்று. அப்புறம் மண்டபத்தின் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். "இங்கனயா மதினி?" என்றார். ஆமாம், பிள்ளை பெங்களூரிலிருந்தே போனில் பேசி முடித்துவிட்டான் என்றேன். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கட்டாயம் வந்துரணும் தம்பி, நீங்க ரெண்டு பேரும்தான் அவனுக்கு முன்ன நிக்கணும்" என்றேன். "வராம எப்படி? அன்னைக்கு எனக்கு அங்கனதான டூட்டி" என்றார். அந்த மண்டபத்து வாசலில்தான் அவர் காவல் வேலை பார்க்கிறார், ஐயா. காக்கிச் சட்டை போட்டு, விசில் ஊதி, வருகிற கார்களை நிறுத்த இடம் காட்டுகிற வேலை. "லீவு கேட்டா குடுப்பாகளே" என்றேன். "குடுப்பாக. நான் கேக்கல மதினி" என்றார். "மணையில நின்னுட்டு மறுநா அதே வாசல்ல விசில் ஊத எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அவன் சந்தோசமா கட்டட்டும். வாசல்ல நின்னு நான் பாத்துக்கிடுதேன்."

இவ்வளவுதான் அவர் சொன்ன பதில். வேட்டி துண்டை மடித்துச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தார், கட்டப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீ இதைப் படித்ததும் மண்டபத்தை மாற்று என்று போன் போடாதே. வேறு மண்டபத்துக்குப் போனால் அவர் வரமாட்டார், இங்கே என்றால் வாசல்வரைக்காவது இருப்பார். நான்கு நாள் முன்னதாக லீவு போட்டுவிட்டு வா. அவர் வீட்டுக்குப் போ. அவளையும் கூட்டிக்கொண்டு போ. வயலுக்கு இதைச் செய்யலாம், அதைச் செய்யலாம் என்று ஒரு யோசனையும் சொல்லாதே, உன் யோசனைகள் போதும். வாங்க சித்தப்பா என்று மட்டும் கூப்பிடு. கூப்பிட்டால் மனம் மாறுவாரா? மாறமாட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் கூப்பிட்டோம் என்பது நடந்திருக்கவேண்டும். எனக்கு வயதாகிறது. என் காலத்துக்குப் பிறகு அந்த இரண்டு வயலுக்கும் நடுவில் இருக்கிற வரப்பை நீதான் பார்த்துக்கொள்ளவேண்டும். இனி என்ன வைத்தாலும், கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வை.

முகூர்த்தத்தன்று நீ பட்டு வேட்டியும் மாலையுமாகக் காரில் வருவாய். மண்டபத்து கேட்டைத் திறப்பவர் அவராகத்தான் இருப்பார். அவர் குணம் எனக்குத் தெரியும், மாப்பிள்ளை வண்டி என்று ஓடிவந்து உனக்குக் கார் கதவையும் திறந்துவிடுவார். அதுவரை உள்ளே உட்கார்ந்திருக்காதே. தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி நடந்து வா.